ரூலீன் கண்ட சாராள்

இடது காலுக்குத்தான் முதலில் வைக்கோல். பிறகு வலது கால், அதற்குப் பிறகு வயிறு. வயிற்றுக்கு வரும்போது ரூலீன் ஒரு கணம் நிறுத்தித் தன் வயிற்றைத் தடவிப் பார்ப்பாள். "இவனுக்கு இதுல பாதி போதும்" என்று சொல்லிக்கொண்டு மீண்டும் திணிப்பாள். தூக்குப் பாலத்தின் காவலறைக் கண்ணாடி வழியே கால்வாயில் படகு வருவது தெரிந்தால் வைக்கோலைப் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துவாள். மணி அடிக்கும். இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டைகள் இறங்கும். பாலம் சோம்பல் முறிப்பதுபோல் எழும். சைக்கிளில் காலூன்றி நிற்பவர்கள், அறையின் மூலையில் தலையில்லாமல் உட்கார்ந்திருப்பது யார் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

"இந்தத் தடவை யாரும்மா மாட்டினது?"

"உங்களுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. பயப்படாம போங்க" என்பாள் ரூலீன். ஊரில் எல்லோருடைய வயதும் அவளுக்கு மனப்பாடம்.

ஓஸ்டர்மேடனில் ஐம்பது வயதைச் சத்தமில்லாமல் தாண்டியவர் கிடையாது. ஐம்பதாவது பிறந்த நாளில் ஆண் ஆபிரகாமைக் காண்பான், பெண் சாராளைக் காண்பாள்; பைபிளில் வரும் அந்தக் கிழத் தம்பதியின் பெயரை வைத்து அந்த நாட்டில் அப்படித்தான் சொல்வார்கள். காலையில் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினால், வீட்டு முன்புறப் புல்லில் தன்னைப் போலவே ஒரு வைக்கோல் பொம்மை உட்கார்ந்துகொண்டு தன்னையே பார்க்கும். மற்ற ஊர்களில் காற்றடைத்த பொம்மையை வாடகைக்கு எடுத்து நிறுத்திவிட்டுக் கடமையை முடித்துக்கொள்கிறார்கள். ஓஸ்டர்மேடனில் ரூலீன் இருக்கிறாள். பன்னிரண்டு வருடமாக அவள்தான் செய்கிறாள். பொம்மை ஆளைப் போலவே இருக்கும். அதன் கழுத்தில் தொங்கும் பலகை, ஆளே வெளியில் சொல்லாததையும் சொல்லும்.

கால்நடை மருத்துவருக்குச் செய்த ஆபிரகாம், காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பாதி உடம்பு வாய்க்காலுக்குள் கிடந்தது. 'வண்டி நிறுத்தத் தெரியும், எங்கே என்றுதான் தெரியாது' என்றது பலகை. ரொட்டிக்கடை லுப்போவின் ஆபிரகாம் கரிந்த ரொட்டியில் தலைவைத்துத் தூங்கியது. லுப்போ அதை மூன்று வாரம் கடை வாசலிலேயே வைத்திருந்தான். வியாபாரம் கூடியது என்று ஒப்புக்கொள்ளவும் செய்தான். அந்தப் பக்கத்து ஆட்கள் எதையும் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் அகராதியில் உச்சபட்சப் பாராட்டே, "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்" என்பதுதான்.

ரூலீன் ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு. மஞ்சள் மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், நெற்றியில் ஒட்டிய நரைத்த சுருள்முடி. மூக்கைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை, அவளே சொல்லிவிடுவாள். "என் மூக்கு ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிடும். நான் ஆறரைக்குத்தான் போய்ச் சேருவேன்." குரலைப் பற்றியும் அவளே சொல்வாள். பாலத்து மணி பழுதான நாளில், மாற்று மணி வரும்வரை தன்னையே உபயோகித்தார்கள் என்பாள். ஊரில் யாரும் அவளைக் கேலி செய்ததில்லை. செய்ய வழியில்லை. மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவளே எல்லாவற்றையும் சொல்லி, சிரித்து, முடித்திருப்பாள்.

ஊர் விழாக்குழுவுக்கு அவள் செயலாளர், லுப்போ தலைவர். லுப்போவின் பங்கு, கூட்டத்தில் தொண்டையைச் செருமுவது. மற்றதெல்லாம் ரூலீன். ஆகவே வருடத்தை அவள் மாதங்களால் எண்ணுவதில்லை, அந்தந்த விழாவில் தான் எப்படிக் கவிழ்ந்தாள் என்பதை வைத்தே எண்ணுவாள். புத்தாண்டு அன்று பகலில் ஊரே ஆரஞ்சுக் கம்பளித் தொப்பியோடு பனிக்குளிர்த் தண்ணீரில் ஓடி விழும். "எனக்குப் புத்தாண்டு முழங்கால் வரைக்கும்தான்" என்று கரையோரம் நின்றவள் ஒரு வருடம் வழுக்கி முழுதாக உள்ளே போனாள். எழுந்து வந்ததும், "தண்ணி மட்டம் ஏறிடுச்சா பாருங்க, பக்கத்து ஊருக்குச் சொல்லணும்" என்றாள். மன்னர் பிறந்த நாளில், கயிற்றில் தொங்கும் தேன்கேக்கைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கவ்வுவது எப்படி என்று குழந்தைகளுக்குச் செய்துகாட்டப் போய், பக்கத்தில் நின்ற மேயரின் கழுத்துப்பட்டையைக் கவ்வி இழுத்தாள். மேயர் நல்ல மனிதர். "கொஞ்சம் உப்பு கம்மியோ?" என்று கேட்டார்.

ஆனால் எல்லாவற்றுக்கும் சிகரம், குழந்தைகளுக்குப் பரிசு தரப் புனித நிக்கோலஸ் வேடக்காரர் படகில் வந்த வருடம். நவம்பர் மழை. கரையில் நூறு குழந்தைகள். கூம்புத் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாகப் படகின் முனையில் கம்பீரமாக நின்ற புனிதர் கையை உயர்த்தினார். ரூலீன் பொத்தானை அழுத்தினாள். பாலம் ஒரு முழம் எழுந்து நின்றுவிட்டது. புனிதருக்கு அடியில் நுழையவும் முடியவில்லை, பின்னால் பரிசு மூட்டைப் படகு இருந்ததால் திரும்பவும் முடியவில்லை. நாற்பது நிமிடம். குழந்தைகள் ஒரே வரவேற்புப் பாட்டைப் பதினோரு முறை பாடினார்கள். ஏழாவது முறைக்குப் பிறகு புனிதரே, "போதும் கண்ணுங்களா, வேற தெரியாதா?" என்றார். இந்தக் கதையை ஊரில் அதிகமுறை சொன்னவள் ரூலீன்தான். சொல்லும்போது தானே புனிதராகவும் பாலமாகவும் நனைந்த குழந்தையாகவும் நடித்துக் காட்டுவாள்.

மே நான்காம் தேதி மட்டும் வேறு. போரில் இறந்தவர்களுக்காக, சாயங்காலம் சரியாக எட்டு மணிக்கு இரண்டு நிமிட மௌனம். அந்த இரண்டு நிமிடமும் படகு எதுவானாலும் காத்திருக்க வேண்டியதுதான். ரூலீன் காவலறைக்கு வெளியே வந்து, தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு நிற்பாள். "அந்த ரெண்டு நிமிஷத்துக்காகத்தான் என் புருஷன் வருஷம் பூரா காத்திருக்கான்" என்ற நகைச்சுவையை அவள் ஐந்தாம் தேதி சொல்வாள். நான்காம் தேதி சொல்லமாட்டாள்.

புருஷன் ஹாரம் டிராக்டர் பழுதுபார்ப்பவன். நாளொன்றுக்கு நான்கு வாக்கியம் பேசுவான். அதில் இரண்டு டிராக்டரிடம்.

இவ்வளவு சிரிப்புக்கு நடுவில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ரூலீன் கதையாகச் சொல்வதில்லை. எதிர்வீட்டு ஃபென்னாவின் சாராள்.

ஃபென்னா பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஆறு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஐம்பது வந்தபோது, அவள் கணவன் வீட்டைவிட்டுப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. ஊருக்கே தெரியும். ரூலீனுக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தாள். சிரித்துவிட்டால் வலி குறையும் என்று மனதார நம்பினாள், தன் விஷயத்தில் எப்போதும் அப்படித்தானே செய்துவந்தாள். ஃபென்னாவின் சாராளுக்கு உதட்டுச்சாயம் பூசி, கையில் தொலைநோக்கி கொடுத்து, சாலையைப் பார்த்து உட்காரவைத்தாள். 'மாப்பிள்ளை தேவை. சைக்கிள் இருந்தால் போதும்' என்றது பலகை.

ஃபென்னா சிரித்தாள். வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தாள், கேக் வெட்டினாள், "ரூலீனுக்கு நிகர் ரூலீன்தான்" என்றாள். மறுநாள் காலை அவள் வீட்டு முன்னறை ஜன்னலில் திரை மூடியிருந்தது. முன்னறை ஜன்னலுக்குத் திரை இருந்தும் பகலில் யாரும் மூடாத ஊர் அது. மூடினால் உள்ளே யாரோ செத்துவிட்டதாக நினைப்பார்கள். அந்தத் திரை குளிர்காலம் முடியும்வரை திறக்கவில்லை. திறந்தபிறகு ஃபென்னா வழக்கம்போல வணக்கம் சொன்னாள். ஆனால் 'நீ' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் 'நீங்க' என்று மாறிவிட்டாள். "மழை வரும்போல, துணியை எடுத்துடுங்க." அவ்வளவுதான். ரூலீன் நூறு தடவை அந்தச் சாலையைக் கடந்துபோய் மன்னிப்புக் கேட்கக் கிளம்பியிருக்கிறாள். பாதிச் சாலையில் ஏதாவது ஒரு நகைச்சுவை நினைவுக்கு வரும். அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள்.

இந்த ஜூனில் ரூலீனுக்கு ஐம்பது.

அந்த நாட்டில் பிறந்த நாள் காலண்டர் கழிப்பறையில்தான் தொங்கும். ரூலீன் வீட்டுக் காலண்டரில் ஊரே இருந்தது. விருந்தாளிகள் உள்ளே போனால் படித்து முடித்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள். அதில் ஜூன் பதினான்கு மட்டும் வெறுமையாக இருந்தது. தன் பிறந்த நாளைத் தானே எழுதி வைத்துக்கொள்வது, பரிசுக்குத் தட்டேந்துவதுபோல அவளுக்குத் தோன்றும். முப்பதாவது வயதில் கல்யாணமாகி வெளியூரிலிருந்து வந்தவள். கூடப் படித்தவர்கள் என்று யாரும் அங்கே இல்லை. போதாக்குறைக்கு, ஊர்க் குழந்தைகள் நான்கு சாயங்காலம் ஊர்வலமாக நடக்கும் வாரத்தில்தான் அவள் பிறந்த நாளும் வரும். புதினா மிட்டாய் செருகிய எலுமிச்சையைச் சப்பிக்கொண்டு வரும் அறுபது பிள்ளைகளை மேய்ப்பதில் அது ஒவ்வொரு வருடமும் காணாமல் போய்விடும். இந்த வருடம் அந்த நடை மே கடைசிக்கே மாற்றப்பட்டிருந்தது. நாள் காலியாக இருந்தது.

மே மாதக் குழுக் கூட்டத்தில் லுப்போ தொண்டையைச் செருமினான். "ஜூன்ல யாருக்கு ஐம்பது?"

ரூலீன் நோட்டைப் புரட்டினாள். வேண்டுமென்றே மெதுவாகப் புரட்டினாள். "ஜூன்ல..." என்று இழுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "யாருமில்ல."

"நல்லதாப் போச்சு. எனக்கும் அந்த வாரம் பரீட்சை ரிசல்ட்டு கேக் வேலை தலைக்கு மேல இருக்கு" என்றான் லுப்போ.

வீட்டுக்கு வந்ததும் ரூலீன் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. "ஹாரம், லுப்போ எப்படி நடிக்கிறான் தெரியுமா? முகத்துல ஒரு ரேகைகூட அசையல. ரொட்டி சுடறதுக்குப் பதிலா நாடகத்துல சேர்ந்திருக்கலாம்."

"ம்" என்றான் ஹாரம். அவனும் உடந்தை என்று அவள் முடிவுகட்டினாள்.

அதன்பிறகு எல்லாமே சாட்சியாயின. கொடியில் காயப்போட்ட அவளுடைய பழைய நீலச் சட்டை காணாமல் போனது. காற்று அதை வேலிக்கு அப்பால் உருளைக்கிழங்கு வயலில் கொண்டுபோய்ப் போட்டிருந்தது என்று பிற்பாடு தெரிந்தது, ஆனால் அப்போது அவள் குறும்பாகச் சிரித்துக்கொண்டாள். லுப்போவின் வண்டியில் வைக்கோல் கட்டு போனது. மகளின் முயலுக்காம். "ஆமா ஆமா, முயலுக்கு" என்றாள் ரூலீன் கண்ணடித்து. லுப்போ அன்று முழுக்க அவள் ஏன் கண்ணடித்தாள் என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடி முன் நின்று ஆச்சரியப்படும் முகத்தை ஒத்திகை பார்த்தாள். மூன்று விதம் தயாரித்தாள். ஒன்றில் வாய் மட்டும் திறந்திருக்கும், ஒன்றில் கை கன்னத்தில் இருக்கும், மூன்றாவதில் கண் கொஞ்சம் கலங்கும். பலகையில் என்ன எழுதுவார்கள் என்றும் யோசித்தாள். மூக்கு, நிச்சயம். குரல். பாலத்தில் மாட்டிய புனிதர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலடி தயாராக வைத்துக்கொண்டாள். எதிர்வீட்டு விஷயத்தை யாராவது எழுதிவிட்டால் என்ன சொல்வது என்பதற்கு மட்டும் எதுவும் அகப்படவில்லை.

ஜூன் பதினான்கு. வெயில் ஐந்தரைக்கே வந்துவிட்டது. ரூலீன் முதல் விதமான முகத்தை வைத்துக்கொண்டு திரையை விலக்கினாள்.

புல். ஹாரமின் புல்வெட்டி. ஒரு வாத்து.

சரி, பின்பக்கமாக இருக்கும். இரவு உடையோடு பின்பக்கம் போனாள். தோட்டக் கொட்டகைக்குள் பார்த்தாள். வேலிக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். உரத்தொட்டி மூடியைக்கூடத் திறந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது ஹாரம் கதவருகே காபிக் கோப்பையோடு நின்றிருந்தான்.

"வாழ்த்துகள்" என்று கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தான். "என்ன தேடறே?"

"பூனையை."

ஹாரம் யோசித்தான். "நம்மகிட்ட பூனை இல்லையே." அன்றைய நான்கு வாக்கியத்தில் மூன்று அப்போதே செலவாகிவிட்டது.

பாலத்துக்குப் போனாள். பத்து மணிக்கு லுப்போவின் வண்டி வந்து தடுப்புக் கட்டையில் நின்றது. பக்கத்து இருக்கையில் பெரிய கேக் பெட்டி. ரூலீனுக்கு நெஞ்சு இலேசானது. பொம்மையில்லை, கேக்! புது மாதிரி யோசித்திருக்கிறார்கள். இரண்டாவது விதமான முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கன்னத்தில் கை.

லுப்போ கண்ணாடியை இறக்கினான். "பல்வலியா?"

"இல்ல... கேக்கு பெருசா இருக்கே."

"டாக்டர் பொண்ணு பாஸ் பண்ணிட்டா. அங்க பாரு, பையைத் தொங்க விட்டுட்டாங்க." கால்வாய்க்கு அந்தப் பக்கம் கால்நடை மருத்துவர் வீட்டுக் கொடிக்கம்பத்தில், தேசியக் கொடிக்கு மேல், தேர்ச்சிக்கு அடையாளமாக, அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடப் பை ஆடிக்கொண்டிருந்தது. "படகு போயாச்சே ரூலீன், பாலத்தை இறக்கு. கிரீம் உருகுது."

அவள் பாலத்தை இறக்கினாள்.

பன்னிரண்டு மணிக்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. யாரும் நடிக்கவில்லை. யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு வருடமாக ஊரில் ஒருவரையும் தப்பவிடாத கெட்டிக்காரி, தன்னை மட்டும் அவ்வளவு திறமையாக ஒளித்துவைத்திருந்தாள். முதலில் சிரிப்பு வந்தது. காவலறையில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாள். பிறகு, கேட்பதற்கு ஆளில்லாததால், நின்றுபோனது.

கேலி செய்யப்படாமல் போனது இவ்வளவு வலிக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. யார் வீட்டுக்காவது போய் 'எனக்கு இன்னிக்கு ஐம்பது' என்று சொல்வதா? அதற்குக் கால்வாயில் குதித்துவிடலாம், முழங்காலுக்கு மேலேயே.

மூலையில், அடுத்த மாத ஆபிரகாமுக்கு வாங்கிய வைக்கோல் இருந்தது. ஆணியில் அவளுடைய மாற்று மழைக்கோட்டு தொங்கியது. ரூலீன் எழுந்தாள்.

இரண்டு படகுகளுக்கு நடுவே கால்கள் முடிந்தன. அடுத்த படகுக்கு முன் வயிறு. இந்தமுறை பாதி என்று நிறுத்தவில்லை, தாராளமாகவே திணித்தாள். பழைய துடைப்பத்தின் நரைத்த நார்களை முடியாக வைத்தாள். மூக்குக்கு மதிய உணவுப் பையிலிருந்து நீள ரொட்டியின் முனையை ஒடித்து ஒட்டினாள். எட்டிநின்று பார்த்தாள். இதுவரை செய்ததிலேயே இதுதான் அசலாக அமைந்திருந்தது. பிறகு பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். மற்றவர்களுக்கு ஒரு வரி எழுத மூன்று நாள் எடுப்பவளுக்கு அன்று கை நிற்கவில்லை.

'பாலத்தைத் தூக்கத் தெரியும், வாயை மூடத் தெரியாது.
மூக்கு வந்து பத்து நிமிடம் கழித்துத்தான் ஆள் வரும்.
ஊரையெல்லாம் சிரிக்க வைத்தாள், ஒருத்தியை அழ வைத்தாள்.'

மூன்றாவது வரியின் பின்பாதியை அவள் எழுத நினைக்கவில்லை. எழுதியபின் அழிக்கத் துணியை எடுத்தாள். அப்போது மணல் படகு ஒன்று ஊதியது. பாலத்தைத் தூக்கி இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது மை காய்ந்திருந்தது.

மூன்று மணிக்கு அவளுடைய வேலை முடிந்தது. பொம்மையைத் தள்ளுவண்டியில் கிடத்தி, தார்ப்பாயால் மூடி, பிணம் கடத்துகிறவள்போல இருபுறமும் பார்த்துக்கொண்டே தெருவில் தள்ளிக்கொண்டு போனாள். தெரு காலி. எல்லோரும் கொடிக்கம்பத்தில் பை தொங்கும் வீடுகளில் கேக் தின்றுகொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் பூந்தொட்டிகள் மட்டும் தெரிந்தன. சாராளைப் புல்லில் உட்காரவைத்து, பலகையை மாட்டிவிட்டு, வீட்டுக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இதயம் பதினாறு வயதுக்காரியினுடையதுபோல அடித்தது. மற்ற பாகங்களெல்லாம் ஐம்பதைக் காட்டின.

நான்கு மணிக்கே செய்தி பரவிவிட்டது. ஏழு மணிக்கு வெயில் இன்னும் கூரைமேல் நிற்கையில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஹாரம் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டிலிருந்த நாற்காலிகளையெல்லாம் எடுத்துவந்து புல்லில் வட்டமாகப் போட்டான். வந்தவர்கள் வழக்கப்படி, பிறந்த நாள்காரிக்கு மட்டுமல்லாமல் அங்கிருந்த எல்லோருக்குமே வாழ்த்துச் சொன்னார்கள். "மனைவிக்கு வாழ்த்துகள், ஹாரம்." "உன் செயலாளருக்கு வாழ்த்துகள், லுப்போ." வட்டம் முழுக்கக் கைகுலுக்கி முடிக்கவே கால்மணி நேரமானது. லுப்போ மிச்சமிருந்த கேக் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அதில் 'தேர்ச்சிக்கு வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தது. பெயரை மட்டும் கத்தியால் சுரண்டியிருந்தான்.

"ஐம்பதா?" என்று அவன் நான்காவது முறையாகக் கேட்டான். "நிஜமா இப்பத்தான் ஐம்பதா? அது எப்பவோ முடிஞ்சிருக்கும்னுல்ல நெனச்சேன்! நீ இங்க வந்தப்பவே உனக்கு நாப்பது இருக்கும்னு..."

"லுப்போ, கேக்கை வெட்டு" என்றார் கால்நடை மருத்துவர்.

"இல்ல டாக்டர், எல்லாருமே அப்படித்தான் நெனச்சோம்."

"ரொம்ப நன்றி" என்றாள் ரூலீன். "என்கிட்ட இதைவிட மோசமான ஜோக் எதுவும் கிடையாது. பலகையில சேர்த்துக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு லுப்போ எழுந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பலகையைச் சத்தமாக வாசித்தான். முதல் வரிக்குச் சிரிப்பு. இரண்டாவது வரிக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாவது வரியில் அவனே நின்றுவிட்டான்.

"இது யாரு எழுதினது?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ரூலீன் தயாரித்து வைத்திருந்த மூன்று முகங்களில் ஒன்றும் கூப்பிட்டதற்கு வரவில்லை.

"இது நல்லால்லே" என்றான் லுப்போ. காது சிவந்திருந்தது. "மூக்கு கீக்குன்னு எழுதலாம், சரி. நாம எல்லாரும் இவ கையால பட்டிருக்கோம். ஆனா அழ வச்சாளாம்! யாரை அழ வச்சா? ரூலீனைப் பத்தி இப்படி எழுத யாருக்கு மனசு வந்துச்சு?"

"மூக்குகூட அவ்வளவு நீளம் இல்லையே" என்றார் மருத்துவர், பொம்மையையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்து.

"நீளம்தான்" என்றாள் ரூலீன் அவசரமாக. "மூக்கு சரியாத்தான் இருக்கு. எழுதினவங்க கெட்ட எண்ணத்துல எழுதியிருக்கமாட்டாங்க..."

"நீ சும்மா இரு. உனக்கு எதுவும் உறைக்காது, அதுக்காக யார் வேணா எது வேணா எழுதலாமா? நாங்க செஞ்சிருந்தா இப்படியா எழுதியிருப்போம்?" லுப்போ சட்டைப் பையிலிருந்து, கேக் பெட்டியில் பெயர் எழுதும் தடித்த பேனாவை எடுத்தான். "இந்தக் கடைசி வரியை அடிச்சுடறேன்."

"அடிக்காதீங்க."

வட்டத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து குரல். ஃபென்னா மடியில் கேக் தட்டை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் பேசுவதுபோலவே, உரக்கவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் பேசினாள்.

"அந்த வரி சரியாத்தான் இருக்கு. இருக்கட்டும்."

"டீச்சர், உங்களுக்கு எப்படித்..."

"நான்தான் செஞ்சேன். பொம்மையும் நான்தான், எழுத்தும் நான்தான். மூணு மணிக்குக் கொண்டுவந்து வச்சேன், தள்ளுவண்டியில. தெருவுல யாரும் இல்ல." முட்கரண்டியால் ஒரு துண்டு கேக்கை வெட்டினாள். "மூக்கு ரொட்டியில செஞ்சிருக்கக் கூடாது. வாத்து கொத்திடும்."

எல்லோரும் ஒரே சமயத்தில் அவள்பக்கம் திரும்பினார்கள். "நீங்களா டீச்சர்! உங்ககிட்ட இதை எதிர்பார்க்கலையே" என்றான் லுப்போ. "ஆறு வருஷமா மனசுல வச்சிருந்தீங்களா?" என்று யாரோ கேட்டார்கள். "பிறந்த நாளும் அதுவுமா..." என்று இன்னொரு குரல். ஃபென்னா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். மறுக்கவில்லை. மென்றுகொண்டிருந்த கேக்கை முழுதாக மென்று விழுங்கினாள்.

ரூலீன் வாயைத் திறந்தாள். ஒரு நகைச்சுவை வந்து நாக்கு நுனியில் நின்றது. நல்ல நகைச்சுவைதான். ஊரே விழுந்து விழுந்து சிரித்திருக்கும். ஃபென்னாவை விட்டுவிட்டுத் தன்பக்கம் திரும்பியிருக்கும். அதை அவள் விழுங்கினாள். விழுங்குவது பழக்கமில்லாததால் தொண்டையில் கொஞ்சம் வலித்தது.

"எனக்கு மட்டும்தான் உறைக்கணும். உறைச்சிருச்சு" என்றாள், ஃபென்னாவைப் பார்த்து. குரல் பாலத்து மணியைப் போல இல்லை, பக்கத்தில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. "ரொம்ப நாள் கழிச்சு."

ஹாரம் பொம்மையை ஒருமுறை பார்த்தான், மனைவியை ஒருமுறை பார்த்தான். மதிய உணவுக்கு அவன் கட்டிக்கொடுத்த ரொட்டியை அடையாளம் கண்டுகொண்டான்போல. "இதைவிட மோசமா இருந்திருக்கலாம்" என்றான்.

பிறந்த நாள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாயோ, கிளம்பும்வரை அதுதான் உன் இடம். இடதுபக்கம் சலிப்பூட்டும் ஆள் வாய்த்தாலும் வலதுபக்கம் வெயில் அடித்தாலும் யாரும் இடம் மாறமாட்டார்கள். ரூலீன் எழுந்தாள். நாற்காலியைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். காபி மேசையைச் சுற்றி, நீட்டியிருந்த கால்களைத் தாண்டி, லுப்போவின் மடியிலிருந்த தட்டை நாற்காலிக் காலால் இடித்து, "மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே வட்டத்தின் நடுவே நடந்து எதிர்ப்பக்கம் போனாள். ஃபென்னாவுக்கும் மருத்துவருக்கும் நடுவே இடமில்லாத இடத்தில் நாற்காலியைச் செருகி, ஃபென்னாவின் நாற்காலியோடு உரசும்படி நெருக்கிப் போட்டு உட்கார்ந்தாள்.